பெட்டிக்குள் இருப்பவர் யார்?

அறிவுக்கு அளவுகோலாக மனிதன் வகுத்துக்கொண்ட விளையாட்டுக்களுள் சதுரங்கம் தலையாயது என்பர். உடல் வலிமை இங்கு உதவாது, நல்லூழும் உதவாது. 64 கட்டங்களும் 32 காய்களும் ஆடுவோர் இருவர் கண்முன்னும் ஒளிவுமறைவின்றிக் கிடக்கின்றன. தாயத்தில் தோற்றவன் கட்டையைக் குறை கூறலாம். சீட்டாட்டத்தில் தோற்றவன் கைக்கு வந்த சீட்டை நொந்துகொள்ளலாம். சதுரங்கத்தில் தோற்றவனுக்கோ அத்தகைய புகலிடம் எதுவுமில்லை. அவன் தோற்றது எதிரியின் சிந்தனையிடம், அவ்வளவே.

இத்தகைய பலகையின் முன் மனிதனும் இயந்திரமும் எதிரெதிரே அமர்ந்த வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்காக எழுதுவதே வழக்கம். அந்தக் கணக்கு முடிந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இன்று சட்டைப் பையிலே கிடக்கும் தொலைபேசியில் உள்ள சதுரங்கச் செயல்நிரல் உலகின் எந்த மேதையையும் எளிதில் வென்றுவிடும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆயினும் அவ்வரலாற்றை வேறொரு வினாவைக் கையிற் கொண்டு படித்துப் பார்த்தல் பயனுடையதென நான் கருதுகிறேன். நம் எதிரே இருக்கும் பெட்டிக்குள் இருப்பவர் யார் என்பதே அவ்வினா. இரண்டரை நூற்றாண்டுகளாக அவ்வினா மறையவில்லை. திசை மட்டும் மாறி வந்திருக்கிறது.

துருக்கியனின் பெட்டி

1770ஆம் ஆண்டில், வியன்னா நகரில், பேரரசி மரியா தெரேசாவின் அவையில், வொல்ப்காங் வொன் கெம்பலன் என்பார் விந்தைப் பொருளொன்றைக் காட்சிக்கு வைத்தார். பெரியதொரு மரப்பெட்டி, அதன் மேல் சதுரங்கப் பலகை, பெட்டியின் பின்னே தலைப்பாகை அணிந்த துருக்கியன் ஒருவனின் உருவம். கெம்பலன் முதலிற் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளிருந்த பற்சக்கரங்களை மெழுகுதிரி ஒளியிற் காட்டுவார். பின் கதவுகளை அடைத்துச் சாவி கொண்டு முறுக்கேற்றுவார். துருக்கியன் தலையை அசைப்பான், கையை நீட்டுவான், காயை எடுத்து வைப்பான். எதிரே அமர்ந்தவர் பெரும்பாலும் தோற்றுப்போவார்.

ஐரோப்பா வியந்தது. 1783இல் பாரிஸ் நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் அதனோடு ஆடினார். 1809இல் வியன்னாவுக்கு வந்திருந்த நெப்போலியனும் ஆடினான். கெம்பலன் மறைந்த பின்னர் மெல்ட்சல் என்பவர் அதனை வாங்கி, கடல் கடந்து அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார். இறுதியில், 1854ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் ஏற்பட்ட தீயொன்றிலே துருக்கியன் எரிந்து சாம்பலானான்.

உள்ளே ஒரு மனிதன் இருந்தான் என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. நகரும் இருக்கையொன்றில் அமர்ந்து, எப்பக்கத்துக் கதவு திறக்கப்படுகிறதோ அதற்கு மறுபக்கம் அவன் ஒதுங்கிக்கொள்வான். காய்களின் அடியிலிருந்த காந்தங்களின் துணையால் மேலே நிகழ்வதை அறிந்து, சிறு மெழுகுதிரியின் வெளிச்சத்தில், புழுக்கத்தின் நடுவே தன் ஆட்டத்தை ஆடுவான். காலத்துக்குக் காலம் வெவ்வேறு திறமைசாலிகள் அப்பெட்டிக்குள் புகுந்திருந்தனர். புகழ் துருக்கியனுக்கு; வியர்வை உள்ளிருந்தவனுக்கு.

அறிவுடையோர் பலர் அன்றே ஐயுற்றனர். இயந்திரம் சிந்திக்காது; ஆதலால் உள்ளே ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது அவர்தம் வாதம். அவர்கள் கண்ட முடிபு சரியானது. ஆனால் இயந்திரம் ஒருகாலும் இதனைச் செய்யாது என்று அவர்கள் கொண்ட அடிப்படையோ சரியன்று. சரியான விடையைப் பிழையான காரணத்தாற் கண்டடைதல் மனித அறிவின் பழைய வழக்கங்களுள் ஒன்று.

கடதாசி இயந்திரம்

உண்மையாகவே ஆடும் இயந்திரத்தைப் பற்றிய முறையான சிந்தனை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வலுப்பெற்றது. இங்கிலாந்தின் கணித மேதை அலன் டியூரிங், தம் நண்பர் சம்பர்னோனுடன் சேர்ந்து, 1948 அளவிலே சதுரங்கத்துக்கான விதித் தொகுப்பொன்றை வகுத்தார். ஒவ்வொரு காய்க்கும் இன்ன மதிப்பு, அரசனின் பாதுகாப்புக்கு இன்ன மதிப்பு, காய்கள் உலாவும் இடத்துக்கு இன்ன மதிப்பு என எண்களால் அளந்து, மிகுந்த மதிப்புத் தரும் நகர்த்தலைத் தெரிவதே அதன் முறை. ஆனால் அவ்விதிகளை ஏற்று இயங்கவல்ல கணினி அன்று அவர் கைக்கு எட்டியதாய் இல்லை. எனவே 1952இல் டியூரிங் தாமே கணினியானார். கடதாசியும் பென்சிலும் கொண்டு, விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட்டு, ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் செலவிட்டு, அலிக் கிளெனி என்பவரோடு ஆடினார். ஆட்டம் கிளெனிக்கே வெற்றியாயிற்று.

கெம்பலனின் பெட்டிக்குள் இருந்தவன் இயந்திரம்போல் நடித்துத் தன் சொந்த அறிவால் ஆடினான். டியூரிங்கோ தம் அறிவை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, இயந்திரம் எவ்வாறு ஆடுமோ அவ்வாறே ஆடினார். மனிதன் உள்ளே இருந்தும் அது இயந்திரத்தின் ஆட்டமே. இந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. பெட்டியும் பற்சக்கரமும் இயந்திரத்தின் புறக்கோலம் மாத்திரமே. அதன் உயிர்நிலை, விதியைப் பிறழாது பின்பற்றும் ஒழுங்கில் இருக்கிறது என்பதை ஒரு பென்சில் காட்டிவிட்டதல்லவா?

இதே காலத்தில் அமெரிக்க விஞ்ஞானி கிளோட் ஷனன் 1950இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இப்பிரச்சினையின் பரிமாணத்தை அளந்து காட்டினார். வெள்ளைக் காய்களை ஆடுவோர் முதல் நகர்த்தலை 20 வகையாகச் செய்யலாம். கறுப்பு அதற்கு 20 வகையாக மறுமொழி சொல்லலாம். ஆளுக்கொரு நகர்த்தல் முடியுமுன்னே 400 நிலைகள். இவ்வாறு பெருகிச் செல்லும் ஆட்டங்களின் தொகையை 1 என்னும் இலக்கத்தின் பின் 120 பூச்சியங்களை இட்டு அவர் மதிப்பிட்டார். அத்தனையையும் எண்ணி முடிக்க எக்கணினியாலும் இயலாது. ஆதலின் இரு வழிகளே உண்டு என்றார். எல்லா நகர்த்தல்களையும் குறித்த ஆழம் வரை கண்மூடித்தனமாக ஆராய்தல் ஒன்று. ஆராயத்தக்க சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து ஆழ்ந்து நோக்குதல் மற்றொன்று. மனிதன் இரண்டாவது வழியிற் செல்பவன். கணினியையும் அவ்வழியே செலுத்திவிடலாம் என்றே பலர் அன்று நம்பினர்.

ஒரு பந்தயம்

நம்பிக்கை எல்லை கடந்தது. பத்தாண்டுகளுக்குள் கணினி உலகச் சதுரங்க வீரனாகிவிடும் என்று அமெரிக்க அறிஞர் ஹேர்பர்ட் சைமனும் அலன் நியூவலும் 1958இல் எழுதினர். பத்தாண்டுகள் கழிந்தன, அது நிகழவில்லை. 1968இல் எடின்பரோ நகரில் கூடிய அறிஞர்களிடையே, ஸ்கொட்லாந்தின் சதுரங்க வீரர் டேவிட் லீவி, அடுத்த பத்தாண்டுகளுக்குள் எக்கணினியும் தம்மை வெல்லாது எனப் பந்தயம் கட்டினார். செயற்கை அறிவு என்ற துறைக்குப் பெயர் சூட்டிய ஜோன் மக்கார்தி அப்பந்தயத்தை ஏற்றார். வேறு சிலரும் பின்னர் சேர்ந்துகொண்டனர். பந்தயப் பணம் 1,250 பவுணாக வளர்ந்தது.

1978இல் ரொறன்ரோ நகரில் லீவி அக்காலத்தின் சிறந்த செயல்நிரலோடு மோதி, மூன்றரைக்கு ஒன்றரை என்ற புள்ளியில் வென்று, பந்தயப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அவரது உபாயம் எளியது: எதனையும் உடனே தாக்காது, மெல்ல மெல்ல நிலையைக் கட்டி எழுப்பி, இயந்திரம் தன் கணக்கின் எல்லைக்கு அப்பாலுள்ள ஆபத்தை உணருமுன் அதனை நெரித்துவிடுதல். எனினும் அப்போட்டியில் ஓர் ஆட்டம் கணினியின் கைக்குச் சென்றது. நுண்ணறிவுடையோர் அந்த ஓர் ஆட்டத்தையே கவனித்தனர். 1989இல் அதே லீவி, 'டீப் தோட்' என்னும் கணினியிடம் நான்கு ஆட்டங்களில் நான்கையும் இழந்தார்.

வெற்றி ஈட்டித் தந்தது ஷனன் கூறிய முதலாவது வழியே. கணினியை மனிதன்போல் சிந்திக்கச் செய்யும் முயற்சிகள் பின்தங்க, அதனை மேலும் மேலும் விரைவாக எண்ணச் செய்யும் முயற்சிகள் முன்னேறின. அறிவின் வழியில் அடையமுடியாது திகைத்த இடத்தை உழைப்பின் வழியில் அடைந்தார்கள் எனலாம்.

நியூயோர்க், 1997

கரி காஸ்பரோவ் 1985இல் தமது 22ஆம் வயதில் உலக வீரரானவர். பகூ நகரிற் பிறந்து சோவியத் சதுரங்கப் பள்ளியில் வளர்ந்தவர். எதிரே அமர்ந்தவரைப் பார்வையாலேயே கலங்கச் செய்பவர் என்று பெயர் பெற்றவர். 1989இல் டீப் தோட்டை இரண்டு ஆட்டங்களிலும் எளிதாக வென்றார். அதனை ஆக்கிய இளைஞர்களை ஐ.பீ.எம். நிறுவனம் அரவணைத்தது. தாய்வானிற் பிறந்த சூ, கனடாவைச் சேர்ந்த மரி கம்பல், இவர்களோடு ஜோசப் ஹோன் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து 'டீப் புளூ' என்னும் கணினியை உருவாக்கினர்.

1996 பெப்ரவரியில் பிலடெல்பியாவில், அதாவது துருக்கியன் எரிந்தழிந்த அதே நகரில், முதற்போட்டி நடைபெற்றது. முதல் ஆட்டத்தை டீப் புளூ வென்றது. பதவியிலிருந்த உலக வீரர் ஒருவர் முறையான போட்டி நேர விதிகளின்கீழ் கணினியிடம் ஆட்டமொன்றை இழந்தது அதுவே முதற்றடவை. காஸ்பரோவ் சுதாகரித்துக்கொண்டு நான்குக்கு இரண்டு எனப் போட்டியை வென்றார். மறு ஆண்டு மே மாதம் நியூயோர்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் 35ஆவது தளத்தில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இப்பொழுது டீப் புளூ ஒரு வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் பெற்றிருந்தது.

முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு. இரண்டாவது ஆட்டம், மே 4ஆம் நாள், வரலாற்றை மாற்றியது. அவ்வாட்டத்தைப் பலகையில் வைத்து நான் பலமுறை ஆடிப் பார்த்திருக்கிறேன். 36ஆவது நகர்த்தலிலே கணினியின் முன் கவர்ச்சியான பாதையொன்று திறந்து கிடந்தது. அரசியை எதிரியின் கோட்டைக்குள் செலுத்திக் காலாள்களைக் கவர்ந்துகொள்ளலாம். கணினிகள் பொருளாசை கொண்டவை, கண்முன் கிடக்கும் காயை விடமாட்டா என்பது அக்காலத்து வீரர்களின் அனுபவம். டீப் புளூவோ அவ்வாசையைத் துறந்து, எதிரியின் எதிர்த்தாக்குதலுக்கான வழிகளை அமைதியாக அடைத்தது. முதிர்ந்த கிராண்ட் மாஸ்டர் ஒருவரின் பொறுமை அந்நகர்த்தலிலே தெரிந்தது.

காஸ்பரோவ் அதிர்ந்தார். இஃது இயந்திரத்தின் நகர்த்தல் அன்று. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற ஐயம் அவர் நெஞ்சிற் புகுந்தது. 45ஆவது நகர்த்தலின் பின் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். மறுநாள் ஆராய்ந்தோர் திடுக்கிடும் செய்தியொன்றைக் கண்டனர். அந்நிலையில் ஆட்டம் முடிந்துவிடவில்லை. கறுப்பு அரசியை முன்னே செலுத்தி, இடைவிடாது செக் கொடுத்து, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்திருக்கலாம்! உலகின் முதல்வர், தோற்காத ஆட்டத்தைத் தோற்றதாகக் கருதிக் கைவிட்டார். இயந்திரம் இதனைக் கண்டிராமல் விட்டிருக்கும் என்று அவர் நம்பவில்லை. அவ்வளவு ஆழமாக ஆடிய ஒன்று, இதனையும் பார்த்தே இருக்கும் என எண்ணிக்கொண்டார். உண்மையில் அது பார்க்கவில்லை.

செய்தியாளர் கூட்டத்திலே, 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் மரடோனா கையாற் போட்ட கோலை அவர் நினைவூட்டினார். கணினியின் கணிப்புப் பதிவேடுகளைக் காட்டுமாறு கேட்டார். அப்போது அவை கொடுக்கப்படவில்லை. போட்டிக்குப் பின்னரே வெளியிடப்பட்டன. மனிதத் தலையீட்டுக்கு எவ்விதச் சான்றும் அவற்றிற் காணப்படவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. மே 11ஆம் நாள் ஆறாவது ஆட்டத்தில், தொடக்கத்திலேயே கணினி குதிரையொன்றைப் பலியிட்டுக் காஸ்பரோவின் அரசனைத் திறந்த வெளியில் நிறுத்தியது. 19 நகர்த்தல்களில் எல்லாம் முடிந்தது. மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளியில் டீப் புளூ வென்றது. காஸ்பரோவ் மறுபோட்டி கேட்டார், ஐ.பீ.எம். இசையவில்லை. வெற்றி பெற்ற இயந்திரம் கழற்றப்பட்டு, அதன் பாகங்கள் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன.

உள்ளே இருந்தோர்

காஸ்பரோவின் ஐயம் ஆதாரமற்றது. 2017இல் வெளியான நூலொன்றில் அவரே தமது பழைய சினத்தையும் ஆட்டங்களையும் நிதானமாக மறு ஆய்வு செய்திருக்கிறார். எனினும் அவ்வையத்தை நான் எள்ளி நகையாடத் துணியமாட்டேன். ஏனெனில் அதனுள் ஓர் உண்மை உறைந்திருந்தது.

டீப் புளூவின் பெட்டிக்குள் மனிதர் இல்லையா? சூவின் கைவண்ணத்தில் உருவான 480 சதுரங்கச் சில்லுகள் அதனுள் இருந்தன. அமெரிக்க கிராண்ட் மாஸ்டர் ஜோல் பெஞ்சமினும் அவர்தம் கூட்டாளிகளும் ஊட்டிய அறிவு அதனுள் இருந்தது. பல தலைமுறை வீரர்கள் ஆடிச்சென்ற இலட்சக்கணக்கான ஆட்டங்களின் பதிவு அதனுள் இருந்தது. ஆறாவது ஆட்டத்திற் காஸ்பரோவை வீழ்த்திய அந்தக் குதிரைப் பலியும் இயந்திரம் அன்று தானே கண்டுபிடித்ததன்று. மனிதர் முன்கூட்டியே அதன் தொடக்க ஏட்டிற் பதித்திருந்த நகர்த்தல் அது. ஆளொருவன் பெட்டிக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் மனிதகுலத்தின் சேகரிப்பு முழுவதும் அங்கே குடியிருந்தது.

மற்றொன்றும் உண்டு. எதிரே அமர்ந்திருந்தவரின் நெஞ்சில் நிகழ்ந்தது யாது? நாம் எதனை எதிர்கொண்டாலும் அதன் பின்னே ஒரு கருத்தைத் தேடுகிறோம். ஆசிரியர் எழுப்பும் வினாவில், நண்பரின் மௌனத்தில், எதிரியின் நகர்த்தலில் எல்லாம் ஓர் உள்நோக்கம் இருப்பதாகக் கொண்டே நாம் சிந்திக்கப் பழகியிருக்கிறோம். இப்பழக்கமே மொழியையும் இலக்கியத்தையும் நமக்குத் தந்தது. அதே பழக்கம் நியூயோர்க்கில் ஒரு மாமேதையை ஏமாற்றியது. அவர் எண்களின் விளைவைக் கண்டு, அதற்குள் ஒரு மனத்தைப் படித்தார், அம்மனத்துக்கு அஞ்சினார், அஞ்சியபடியால் சமநிலையான ஆட்டத்தைக் கைவிட்டார். இயந்திரத்துக்கு அவரைப் பற்றி யாதொரு எண்ணமும் இல்லை. வென்றபோது மகிழவும் இல்லை.

2006இல் ஜேர்மனியின் பொன் நகரில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். அன்றைய உலக வீரர் விளாதிமிர் கிராம்னிக், 'டீப் பிரிட்ஸ்' என்னும் செயல்நிரலோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் நேரவிருந்த செக்மேட்டைக் காணாது விட்டார். கற்றுக்குட்டியும் கண்டிருக்கக்கூடிய ஒன்று அது. போட்டி நான்குக்கு இரண்டு எனக் கணினியின் பக்கம் சாய்ந்தது. அதன் பின்னர் உலக வீரர் எவரும் சமநிலையில் நின்று இயந்திரத்தை எதிர்க்கும் பெரும் போட்டி நடைபெறவில்லை. நடத்துவதிற் பொருளும் இருக்கவில்லை.

2017 டிசெம்பரில் இலண்டனின் 'டீப்மைண்ட்' நிறுவனத்தார் மற்றுமொரு செய்தியை வெளியிட்டனர். அவர்களது 'அல்பாசீரோ'வுக்கு மனிதரின் ஆட்டம் ஒன்றேனும் ஊட்டப்படவில்லை. விதிகள் மட்டுமே கற்பிக்கப்பட்டன. தன்னோடு தானே ஆடிச் சில மணி நேரத்துள் கற்றுத் தேர்ந்த அது, அந்நாளின் வலிமைமிக்க செயல்நிரலான 'ஸ்டொக்பிஷ்' உடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28ஐ வென்று, 72ஐச் சமநிலையில் முடித்தது, ஒன்றிலேனும் தோற்கவில்லை. பழைய செயல்நிரல்களுள் நம் முன்னோரின் ஆட்டங்களாவது குடியிருந்தன. இப்புதிய பெட்டிக்குள் அவர்களும் இல்லை.

திசை மாறிய ஐயம்

இங்கேதான் நம் வினா தலைகீழாகிறது. துருக்கியனின் காலத்தில், இயந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்திருக்கிறானோ என்று ஐயுற்றனர். இன்று மனிதனுக்குள் இயந்திரம் ஒளிந்திருக்கிறதோ என்று ஐயுறுகின்றனர்.

2010இல் ரஷ்யாவின் கான்டி-மன்சீஸ்க் நகரில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட்டின் பின், பிரெஞ்சு அணியோடு தொடர்புடைய மூவர்மீது அந்நாட்டுச் சம்மேளனமே குற்றம் சாட்டியது. தொலைவில் ஒருவர் கணினியின் விடையைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்ப, மண்டபத்தில் நின்ற மற்றொருவர் எந்த மேசையின் பின்னே நிற்கிறார் என்பதைக் கொண்டு ஆடுபவர் நகர்த்தலை அறிந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. 2015இல் துபாயில் கிராண்ட் மாஸ்டர் ஒருவர் கழிப்பறையில் மறைத்துவைத்த தொலைபேசி கண்டெடுக்கப்பட்டது. அவர் தமது பட்டத்தையே இழந்தார். இன்று பெரும் போட்டிகளில் ஆடுவோர் உலோகச் சோதனைக் கருவிகளைக் கடந்தே பலகையை அணுகுகின்றனர். ஆட்டத்தின் ஒளிபரப்பைச் சில நிமிடங்கள் தாமதித்து வெளியிடும் வழக்கமும் உண்டு.

இதன் விளைவாக நேர்மையாளருக்கு நேரும் துன்பத்தையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்னாளில் அழகியதொரு நகர்த்தலைக் கண்டோர் கைதட்டினர். இன்று அதே நகர்த்தலைக் கண்டோர் முதலில் ஆடியவரின் சட்டைப் பையை நோக்குகின்றனர். இயந்திரம் நம்மிடமிருந்து வெற்றியைப் பறித்தது பெரிய இழப்பன்று. குதிரை நம்மைவிட விரைந்து ஓடுகிறது என்பதற்காக ஓட்டப்பந்தயத்தை எவரும் கைவிட்டாரில்லை. ஒருவர் தம் அறிவால் செய்தது தம் அறிவால் செய்ததே என்று அயலார் ஏற்றுக்கொள்ளும் அந்த எளிய நம்பிக்கை குலைவதே பெரிய இழப்பு. களவு செய்தவன் திருடியது எதிரியின் ஒரு புள்ளியை மாத்திரமன்று. நேர்மையாளர் அனைவரின் புகழிலும் ஒரு பங்கை அவன் திருடிவிடுகிறான்.

சொந்த நகர்த்தல்

ஆயினும் சதுரங்கம் மடிந்துவிடவில்லை. இயந்திரம் வென்ற பின்னர் அதனை எவரும் ஆடமாட்டார் என ஆரூடம் கூறினோர் பொய்த்துப்போயினர். காரணம் யாது? இரண்டு இயந்திரங்களின் பிழையற்ற ஆட்டத்தைக் காட்டிலும், பிழை செய்யக்கூடிய இரு மனிதரின் ஆட்டமே நம் நெஞ்சைத் தொடுகிறது.

2024ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்ததைக் கூறுவேன். உலகப் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவதும் இறுதியானதுமான ஆட்டம். சீனாவின் டிங் லிரனும் சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேசும் சமமான புள்ளிகளோடு அமர்ந்தனர். ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றது. 55ஆவது நகர்த்தலில், களைப்பின் மிகுதியால் போலும், டிங் தமது கோட்டையைத் தகாத கட்டத்தில் வைத்தார். திரையிற் கணினியின் கணிப்பைப் பார்த்திருந்தோர் அனைவரும் அக்கணமே பிழையை அறிந்தனர். மண்டபத்தில் அதனைத் தன் அறிவாலேயே காணவேண்டியிருந்தவர் குகேசு ஒருவரே. அவர் கண்டார், வென்றார், கண்ணீர் விட்டார். 22 வயதிற் பட்டம் பெற்ற காஸ்பரோவின் சாதனையைத் தாண்டி, வயதிற் குறைந்த உலக வீரரானார்.

அவ்விளைஞரின் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா கையாண்ட முறை நம் ஆசிரியர்களின் கவனத்துக்குரியது. தம் மாணவர் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை அணுகும் வரையில், கணினியின் கணிப்பைத் துணைகொள்ளாது தாமே சிந்தித்துப் பழகுமாறு அவர் செய்தார். உடன் ஆடிய சிறுவர் பலர் ஒரு பொத்தானை அழுத்தி விடையைக் கண்டுகொண்ட காலத்தில், அம்மாணவர் விடையின்றித் திகைத்திருக்கவும், பிழைபட எண்ணவும், தம் பிழையைத் தாமே தேடிக் கண்டறியவும் பழகினார். பின்னாளில் அவரும் கணினியைப் பயன்படுத்தலானார். அதுவே முறையான ஒழுங்கெனக் கொள்கிறேன். கால் வலுப்பெற்றவனுக்கு வண்டி துணையாகும். நடை பழகுமுன் வண்டியேறியவனுக்கு அதுவே காலாகிவிடும்.

இச்செய்தி சதுரங்கப் பலகையோடு நின்றுவிடுவதன்று. கட்டுரை எழுதவும் கணக்கைத் தீர்க்கவும் வல்ல இயந்திரங்கள் இன்று மாணவரின் கைக்கு வந்துவிட்டன. செவ்விய நடையில் அமைந்த விடைத்தாளொன்றைக் கையில் எடுக்கும் ஆசிரியர், நியூயோர்க்கிற் காஸ்பரோவ் எழுப்பிய வினாவைத் தம்முள் எழுப்பாமல் இருக்க இயலுமா? சதுரங்க உலகம் இச்சோதனையை நமக்கு ஒரு தலைமுறை முன்னதாகவே சந்தித்துவிட்டது. சோதனைக் கருவிகளை வாயிலில் நிறுத்தி ஓரளவே காவல் செய்யலாம் என்பதை அது கற்றுக்கொண்டது. விடையைக் காட்டிலும், அவ்விடையைத் தானே தேடிச் செல்லும் பாதையில் இன்பமுண்டு என்பதை இளமையிலேயே உணர்ந்த மாணவனுக்குக் காவல் தேவைப்படாது என்பதையும் அது காட்டியிருக்கிறது.

அவ்வின்பத்தை ஊட்டுவது எவ்வாறு? அதற்கு ஆசிரியர்க்குப் பொறுமை வேண்டும். பிழைபட்ட விடையை மதிக்கும் மனம் வேண்டும். தடுமாறி வரைந்த சொந்த வரியொன்றுக்கு, வழுவில்லாத இரவல் பக்கத்தைவிட உயர்ந்த இடத்தை வகுப்பறையில் நாம் கொடுத்தல் வேண்டும். அவ்விடத்தை நாம் கொடாதபோது, மாணவன் பெட்டியை நாடிச் செல்வதில் வியப்பென்ன இருக்கிறது?